பனிக்கடியில் ஒரு மடை: பாஸ்டன் ஹைட்ரன்ட்கள் சொல்லும் பாடம்

2015ஆம் ஆண்டு பிப்ரவரி. பாஸ்டனை ஒட்டிய ஒரு சிற்றூரில், மூன்றடுக்கு மர வீடு ஒன்றின் நடுமாடியில் குடியிருந்தோம். மகள் பிறந்து இரண்டு மாதம். பேத்தியைப் பார்க்க ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். காவிரிப் பாசனப் பகுதியில், பொதுப்பணித் துறையில் வாய்க்கால் மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்றவர். வாய்க்கால் கரையில் நடந்தே காலத்தைக் கழித்தவருக்குப் பனி புதிது. சன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பனி வாரும் வண்டி போவதையும் வருவதையும் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு பனிப்புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் நான்கு தீயணைப்பு வீரர்கள் எங்கள் தெருவுக்குள் நடந்து வந்தார்கள். மூவர் கையில் மண்வாரி. ஒருவரிடம் ஆளுயர இரும்புக் கம்பி. எதிர்வீட்டு வேலியோரம் நெஞ்சுயரத்துக்குக் குவிந்திருந்த பனிமேட்டில் அவர் கம்பியைக் குத்தினார். உருவினார். ஓரடி தள்ளி மறுபடி குத்தினார். ஏழெட்டு முறை குத்திய பிறகு ‘ணங்’ என்று ஒரு சத்தம், மூடிய சன்னலைத் தாண்டி எங்களுக்கே கேட்டது. மற்ற மூவரும் அந்த இடத்தைத் தோண்டத் தொடங்கினார்கள்.

“என்னப்பா தேடுகிறார்கள்?” என்றார் அப்பா.

“தீப்பிடித்தால் தண்ணீர் எடுக்கிற குழாய், அப்பா. பனியில் புதைந்துவிட்டது.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “மடை எங்கே இருக்கிறது என்று தெரியாமலா இத்தனை மர வீடுகளை நெருக்கி நெருக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள்?”

அந்தக் கேள்விதான் என்னை இந்த நகரத்தின் பழைய கதைகளைத் தேடிப் படிக்க வைத்தது. வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டக் கூடாது என்பது நமக்குத் தெரியும். பாஸ்டன் கிணற்றை எப்போதோ வெட்டிவிட்டது. வெட்டிய கிணற்றைத் தேவைப்படும் நேரத்தில் எட்ட முடிகிறதா என்பதுதான் இந்த ஊர் நூற்றைம்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பட்டு அறிந்த விஷயம்.

மூன்று நிமிடத் தண்ணீர்

ஹைட்ரன்ட் என்றால் தீயணைக்கத் தண்ணீர் எடுப்பதற்காகத் தெருவோரம் இடுப்புயரத்தில் நிற்கும் இரும்புக் குழாய். அதன் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. குளிர்ப் பிரதேசங்களில் இதை வெற்றுக்குழல் வகையில் செய்வார்கள். வெளியே தெரியும் பகுதியில் சாதாரண நேரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. வால்வு நான்கைந்து அடி ஆழத்தில், உறைபனி இறங்காத மட்டத்தில் இருக்கும். உச்சியில் ஐந்து பட்டை கொண்ட ஒரு நட்டு. சாதாரண ஸ்பானர் அதில் பிடிக்காது. அதற்கென்றே ஒரு சாவி வேண்டும். அந்த நட்டைத் திருகினால் உள்ளே நீண்ட தண்டு சுழன்று அடி வால்வைத் திறக்கும், தண்ணீர் மேலேறும். மூடியதும் குழலில் மிச்சமுள்ள தண்ணீர் அடியிலுள்ள சிறு துளைகள் வழியாகச் சரளைக்குள் வடிந்துவிடும். வடியாமல் நின்றால் உறைந்து இரும்பையே பிளந்துவிடும்.

அப்பாவுக்கு இதைப் படம் போட்டு விளக்கினேன். “ஷட்டர் மாதிரிதான்” என்றார். ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள். அதற்குச் சில வாரங்கள் முன்பே ஒவ்வொரு மதகின் ஷட்டருக்கும் கிரீஸ் வைத்து, ஏற்றி இறக்கிப் பார்த்து, முன்னால் சேர்ந்த செத்தையை வாரிவிடுவார்களாம். தண்ணீர் வந்த பிறகு ஷட்டர் தூக்கவில்லை என்றால் யாரைக் கேட்பது என்றார்.

ஒரு தீயணைப்பு வண்டி பொதுவாக 500 காலன், அதாவது ஏறத்தாழ 1,900 லிட்டர் தண்ணீரைத் தன்னோடு சுமந்து வரும். வீட்டுத் தீக்குப் பயன்படும் ஒரு ஹோஸ் நிமிடத்துக்கு 150 காலன் பீய்ச்சும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். இரண்டு ஹோஸ் பிடித்தால் இரண்டு நிமிடம்கூட வராது. அதற்குள் ஹைட்ரன்ட்டிலிருந்து தண்ணீர் வந்துசேர்ந்தாக வேண்டும். இல்லையென்றால் எரியும் வீட்டுக்குள் ஹோஸ் பிடித்து நிற்பவர் கையில் வெறும் துணிக்குழாய்தான் மிஞ்சும்.

ஆகவே வண்டி தீயை நோக்கிப் போகும் வழியிலேயே ஹைட்ரன்ட் அருகே சில நொடி நிற்பது வழக்கம். ஒருவர் இறங்கி, பெரிய ஹோஸின் நுனியை இழுத்து ஹைட்ரன்ட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார். வண்டி ஹோஸைத் தெருவில் உதிர்த்துக்கொண்டே தீயிருக்கும் வீட்டுக்குப் போகும். இறங்கியவர் மூடியைக் கழற்றி, ஹோஸ் நுனியின் மரையை, அதாவது திருகுப் புரியை, பொருத்தி, நட்டைத் திருகுவார். பயிற்சி உள்ளவருக்கு இது ஓரிரு நிமிட வேலை. ஹைட்ரன்ட் பனிக்கடியில் இருந்தால் அவர் மண்வாரியைத் தேட வேண்டும். பனி வாரும் வண்டி ஒதுக்கித் தள்ளிய பனி, வானத்திலிருந்து விழுந்த பனி போல மென்மையாக இருக்காது. சாலை உப்பும் சேறும் கலந்து, பகலில் இளகி இரவில் இறுகி, செங்கல் சுவர்போல ஆகிவிடும். அதைத் தோண்டப் பத்து நிமிடமும் ஆகலாம்.

1872: தண்ணீர் இருந்தும்

பாஸ்டனுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. 1790களிலேயே ஜமைக்கா குளத்திலிருந்து மரத்தைக் குடைந்த குழாய்களில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1848 அக்டோபரில் கொச்சிசுவேட் ஏரித் தண்ணீர் நகரத்துக்கு வந்த நாளை ஊரே திருவிழாவாகக் கொண்டாடியது. மரக்குழாய்க் காலத்தில் தீப்பிடித்தால் தெருவைத் தோண்டிக் குழாயில் துளை போட்டுத் தண்ணீர் எடுத்து, முடிந்ததும் அதில் ஒரு மரக்கட்டையைச் செருகி அடைத்துவிடுவார்கள். அடுத்த முறை அந்தக் கட்டையைத் தேடினால் போதும். அமெரிக்காவில் இன்றும் சிலர் ஹைட்ரன்ட்டை ‘ஃபயர் பிளக்’ என்று சொல்வது அந்த மரக்கட்டையின் நினைவில்தான்.

1872 நவம்பர் 9, சனிக்கிழமை மாலை. சம்மர் தெருவும் கிங்ஸ்டன் தெருவும் கூடும் முனையில் ஒரு கிடங்கின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. அது வணிகப் பகுதி. துணி, தோல், கம்பளி எனக் கிடங்கு கிடங்காகச் சரக்கு. கட்டடச் சுவர்கள் கல்லும் செங்கல்லும். உச்சியில் மட்டும் அன்றைய மோஸ்தருக்கு ஏற்ற மரச்சாய்வுக் கூரைகள். மறுநாள் தீ அடங்கியபோது 65 ஏக்கர் பரப்பில் 776 கட்டடங்கள் சாம்பலாகியிருந்தன. தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலர் மாண்டார்கள்.

அந்த இரவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் குதிரைகளைத்தான் முதலில் சொல்வார்கள். வட அமெரிக்கா முழுவதும் குதிரைகளுக்கு ஒரு கொள்ளைநோய் பரவியிருந்த நேரம் அது. தண்ணீர் பீய்ச்சும் நீராவி எந்திரங்களை இழுக்கக் குதிரை இல்லை. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல ஆட்களே வடம் பிடித்து இழுத்து வந்தார்கள். சொல்லக் கேட்க உருக்கமான காட்சிதான். ஆனால் அந்த ஊரை எரித்தது குதிரைக் காய்ச்சல் என்று நான் நினைக்கவில்லை. எந்திரங்கள் வந்துசேர்ந்துவிட்டன. வந்துசேர்ந்த எந்திரங்களுக்குத் தண்ணீர் கிடைத்ததா என்று பார்த்தால்தான் உண்மைக் காரணம் தெரியும்.

அபாய மணிப் பெட்டிகள் பூட்டிக் கிடந்தன. பொய்யாக மணி அடிக்கிறார்கள் என்பதற்காகப் பூட்டி, சாவியைக் காவலரிடமும் குறிப்பிட்ட சிலரிடமும் கொடுத்திருந்தார்கள். முதல் மணி அடிப்பதற்குள்ளேயே தீ மேல்மாடிக்கு ஏறிவிட்டது. அடுத்தது குழாய்கள். அந்தப் பகுதி ஒருகாலத்தில் குடியிருப்பு. வீடுகளுக்குப் போதுமான சிறு குழாய்களே மண்ணுக்குள் இருந்தன. வீடுகள் போய் ஐந்தடுக்குக் கிடங்குகள் வந்தன, குழாய் மாறவில்லை. நாலைந்து எந்திரங்கள் ஒரே குழாயிலிருந்து உறிஞ்சியபோது அழுத்தம் விழுந்தது. நீர்த்தாரை மரக்கூரையை எட்டவில்லை.

மூன்றாவது காரணம்தான் என்னை அதிகம் உலுக்கியது. பாஸ்டனைச் சுற்றியுள்ள வடகிழக்கு அமெரிக்கப் பகுதியான நியூ இங்கிலாந்து முழுவதிலிருந்தும் ரயிலில் எந்திரங்களை ஏற்றி அனுப்பினார்கள். வந்தவர்கள் தங்கள் ஹோஸைப் பாஸ்டன் ஹைட்ரன்ட்டில் மாட்டப் பார்த்தார்கள். மரை சேரவில்லை. ஒவ்வோர் ஊரும் தன் விருப்பத்துக்கு ஒரு விட்டம், ஒரு மரை இடைவெளி வைத்திருந்தது. எதிரே தெரு எரிகிறது, காலடியில் தண்ணீர் இருக்கிறது, கையில் ஹோஸ் இருக்கிறது. இரண்டு இரும்பு வளையங்கள் பொருந்தாததால் அந்தத் தண்ணீர் அவர்களுக்கு இல்லை.

நகரத்தின் தலைமைத் தீயணைப்பு அதிகாரி ஜான் டாம்ரெல் இதையெல்லாம் முன்கூட்டியே பார்த்தவர். முந்தைய ஆண்டு சிகாகோ எரிந்தபோது அங்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெரிய குழாய் வேண்டும், ஹைட்ரன்ட்களைச் சீர்செய்ய வேண்டும் என்று நகராட்சியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டது கிடைப்பதற்குள் தீ வந்துவிட்டது. அந்த மனிதர் அதோடு ஒதுங்கிவிடவில்லை. 1873இல் பால்டிமோரில் பல நகரங்களின் தீயணைப்புத் தலைவர்கள் கூடிச் சங்கம் அமைத்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான். பிற்பாடு பாஸ்டனின் கட்டட ஆணையராகவும் கால் நூற்றாண்டு பணிபுரிந்தார்.

அவர்கள் கூடிய அதே பால்டிமோர் 1904 பிப்ரவரியில் எரிந்தது. வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் எந்திரங்கள் வந்தன. பலவற்றின் மரை பால்டிமோர் ஹைட்ரன்ட்டில் சேரவில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அதன் பிறகு நடந்த விசாரணையில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட வகை இணைப்புகள் புழக்கத்தில் இருப்பது தெரியவந்தது. 1905இல் இரண்டரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு ஏழரை மரை என்று தேசிய அளவு ஒன்றை வகுத்தார்கள். வகுத்ததும் எல்லோரும் மாறிவிடவில்லை. 1991 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாண்ட் மலைப்பகுதி எரிந்தபோது, அந்நகர ஹைட்ரன்ட் இணைப்பு மூன்று அங்குலம். உதவிக்கு வந்த பல ஊர்களின் ஹோஸ் இரண்டரை அங்குலம்.

பனிக்கு முன்னால் ஒரு பெயர்

1872இல் பாஸ்டனுக்குக் குறுக்கே நின்றது மரை. இன்று நிற்பது பனி, நிறுத்திய கார், புதர், மறதி.

இன்றைய பாஸ்டனில் ஏறத்தாழ 13,000 ஹைட்ரன்ட்கள் இருக்கின்றன. அவற்றைப் பராமரிப்பது நகரத்தின் குடிநீர், கழிவுநீர் ஆணையம். பயன்படுத்துவது தீயணைப்புத் துறை. பனியை வாரி அவற்றின்மேல் தள்ளுவது சாலைப்பணி வண்டிகள். வாசல் நடைபாதைப் பனியை, பொழிவு நின்ற மூன்று மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டியது வீட்டுக்காரர். நான்கு கை இருக்கிறது; ஹைட்ரன்ட்டைத் தோண்டியெடுக்கும் கை எது? புயலுக்குப் பிறகு வீரர்களே மண்வாரியோடு இறங்குவார்கள். அவர்கள் ஒரு தெருவை முடிப்பதற்குள் வேறு தெருவில் மணி அடித்தால் போட்டது போட்டபடி ஓட வேண்டும்.

2011இல் ‘கோட் ஃபார் அமெரிக்கா’ என்ற அமைப்பு இளம் நிரலாளர்களைச் சில நகராட்சிகளுக்கு ஓராண்டுப் பணிக்கு அனுப்பியது. பாஸ்டனுக்கு வந்தவர்களில் ஒருவர் எரிக் மைக்கேல்ஸ் ஓபர். கடும் பனிக் காலம். மக்கள் தங்கள் வாசல் நடைபாதையைச் சுத்தமாக வாரிவைப்பதையும், அதே நடைபாதையின் ஓரத்தில் ஹைட்ரன்ட் புதைந்து கிடப்பதையும் அவர் கவனித்தார். ஒரு சிறிய இணையச் செயலி எழுதினார். நகரத்தின் ஹைட்ரன்ட்கள் எல்லாம் வரைபடத்தில் புள்ளிகளாகத் தெரியும். உங்கள் வீட்டருகே உள்ள ஒன்றை நீங்கள் தத்தெடுக்கலாம். தத்தெடுத்தால் அதற்குப் பெயர் சூட்டும் உரிமை உங்களுக்கு. பனி விழுந்தால் தோண்டியெடுக்கும் பொறுப்பும் உங்களுக்கு. தவறவிட்டால் வேறொருவர் வந்து அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளலாம்.

செயலி பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் கிடையாது. அந்த எளிமைதான் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஹொனலூலு நகரம் ஆழிப்பேரலை எச்சரிக்கைச் சங்குகளுக்கு அதை மாற்றியெடுத்தது. அங்கே சங்குகளின் பேட்டரிகள் திருட்டுப்போய்க்கொண்டிருந்தன. சிகாகோ நடைபாதைகளுக்கு எடுத்துக்கொண்டது. ஓக்லாண்ட் மழைநீர் வடிகால்களுக்கு.

இந்தச் செயலியின் உயிர் அந்தப் பெயரில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆள் கூடினால் பாம்பு சாகாது என்பார்கள். தெருவுக்கே பொதுவான ஹைட்ரன்ட்டை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள். இது என் ஹைட்ரன்ட், இதற்கு நான் வைத்த பெயர் இது என்று ஒருவர் நினைத்துவிட்டால், புயல் இரவில் படுக்கையிலிருந்தே அதன் நினைப்பு வரும். ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தத்தெடுத்தவர் வீடு மாறிப் போவார், முதியவராக இருப்பார், அன்று ஊரில் இல்லாமலும் போவார். செயலியில் புள்ளி பச்சையாகத் தெரியும், தெருவில் ஹைட்ரன்ட் பனிக்குள் கிடக்கும். ஒரு ஹைட்ரன்ட்டுக்கு ஒருவர் போதாது. தெருவில் இரண்டு மூன்று வீடுகள் பேசிவைத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் செயலி தேவையில்லை.

அந்தப் பனிக்காலம்

2014–15 பனிக்காலத்தில் பாஸ்டனில் விழுந்த பனி மொத்தம் 110.6 அங்குலம். ஒன்பது அடிக்கு மேல். வழக்கமான ஆண்டில் இதில் பாதிகூட இராது. 1995–96இல் விழுந்த 107.6 அங்குலம் அதுவரை உச்சமாக இருந்தது. இத்தனை பனியில் பெரும்பகுதி சனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை, ஒரு மாதத்துக்குள் வந்து கொட்டியது. ஒரு புயல் உருகுவதற்குள் அடுத்தது. வாரிய பனியைக் கொட்ட இடமில்லை. துறைமுகப் பகுதியில் மலையாகக் குவித்த பனி, ஜூலை 14ஆம் தேதிதான் கடைசியாக உருகித் தீர்ந்தது.

ஹைட்ரன்ட்டின் உயரம் மூன்றடிக்குள். தெருவோரக் குவியல் ஆறடி. கணக்கு அவ்வளவுதான்.

பாஸ்டனில் ஒரு பழக்கம் உண்டு. பனியை வாரிக் கார் நிறுத்தும் இடத்தைச் சுத்தம் செய்தவர், அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார். பனி அவசரநிலை முடிந்து 48 மணி நேரம்வரை நகராட்சியும் அதை ஏற்கிறது. இரண்டு மணி நேரம் முதுகு ஒடிய வாரியவர் தன் இடத்தைக் காப்பாற்ற நினைப்பதில் எனக்கு வருத்தமில்லை. அவர் வாரிய பனி எங்கே போகிறது என்பதுதான் என் வருத்தம். ஓரமாக, யாருடைய இடமும் இல்லாத இடமாகப் பார்த்து வீசுவார். தெருவில் கார் நிற்கக் கூடாத அந்த ஒரே வெற்றிடம் ஹைட்ரன்ட்டின் இடம்.

காரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹைட்ரன்ட்டிலிருந்து 10 அடிக்குள் கார் நிறுத்தக் கூடாது. நியூயார்க் நகரில் 15 அடி. 2014 ஏப்ரலில் கிழக்கு பாஸ்டனில் பெரிய தீ. ஹைட்ரன்ட்டை மறித்துக்கொண்டு ஒரு சொகுசுக் கார். வீரர்கள் இரு பக்கக் கண்ணாடிகளையும் உடைத்து, ஹோஸைக் காருக்குள் நுழைத்து மறுபக்கம் எடுத்தார்கள். அந்தப் படம் உலகெங்கும் பரவியது. தண்டிப்பதற்காகச் செய்தார்கள் என்று பலர் நினைத்தார்கள். பெரிய ஹோஸில் தண்ணீர் ஏறியதும் அது மரக்கட்டைபோல விறைத்துவிடும். காரைச் சுற்றி வளைத்தால் மடிப்பு விழும். மடிப்பு விழுந்தால் தண்ணீர் குறையும். நேராக இழுக்க இருந்த ஒரே வழி கார் வழியாக. பனி என்றாலும் கார் என்றாலும் தடுப்பது அந்தக் கடைசிப் பத்தடியைத்தான்.

எங்கே இருக்கிறது என்று சொல்லும் அடையாளங்கள்

புதைந்த ஒன்றைத் தோண்டுவதற்கு முன் அது எங்கே என்று தெரிய வேண்டும். தீயணைப்புத் துறையின் வரைபடங்களில் எல்லா ஹைட்ரன்ட்டும் உண்டு. ஆனால் வரைபடப் புள்ளி ஐந்தாறு அடி விலகினாலும் பனிமேட்டில் அது பெரிய விலகல்.

கலிபோர்னியாவில் சாலை நடுவே, ஹைட்ரன்ட் இருக்கும் பக்கமாகச் சற்றுத் தள்ளி, நீல நிறப் பிரதிபலிப்பான் பதிக்கிறார்கள். இரவில் முகப்பு விளக்கில் அது மின்னும். பாஸ்டனில் அதைப் பதித்தால் பனி வாரும் வண்டி பெயர்த்துக்கொண்டு போய்விடும். இங்கே ஹைட்ரன்ட்டிலேயே நாலைந்து அடி உயரமுள்ள வளையும் கம்பியைப் பொருத்தி, உச்சியில் கொடியோ பிரதிபலிக்கும் தகடோ வைப்பது வழக்கம். பிரிட்டனில் ஹைட்ரன்ட் தரைக்கடியில் மூடியிட்டு இருக்கும். அருகே சுவரிலோ கம்பத்திலோ மஞ்சள் பலகை. அதில் இரண்டு எண்கள். மேலே இருப்பது குழாயின் விட்டம், மில்லிமீட்டரில். கீழே இருப்பது பலகையிலிருந்து ஹைட்ரன்ட் எத்தனை மீட்டர் என்பது. எனக்குத் தெரிந்த அடையாளங்களில் மிகத் தெளிவானது இந்தப் பலகைதான். மொழி தெரியாதவரும் படிக்கலாம்.

சான்பிரான்சிஸ்கோவில் ஒரு ஹைட்ரன்ட் பொன்னிறத்தில் நிற்கிறது, 20ஆம் தெருவும் சர்ச் தெருவும் கூடும் இடத்தில். 1906 நிலநடுக்கத்தில் பெரும்பாலான குழாய்கள் உடைந்து ஊர் எரிந்தபோது, அந்த ஒரு ஹைட்ரன்ட்டில் தண்ணீர் இருந்தது. மிஷன் பகுதியில் தீ மேலும் பரவாமல் நின்றது அதனால்தான். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 18 விடியற்காலையில் அதற்குப் புதிதாகப் பொன் வண்ணம் பூசுகிறார்கள்.

நாங்கள் தோண்டிய நாள்

மறுவாரம் இன்னொரு புயல். எதிர்வீட்டு வேலியோர ஹைட்ரன்ட் மறுபடியும் காணாமல் போனது. விடிந்ததும் அப்பா என் பனிக்காலணிகளை மாட்டிக்கொண்டு, தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு தயாராக நின்றார். எழுபது வயதில் பனி வாரக் கூடாது, நெஞ்சுக்கு ஆகாது என்று சொல்லி மண்வாரியைக் கொடுக்க மறுத்துவிட்டேன். துடைப்பக்கட்டையை எடுத்துக்கொண்டு வந்தார்.

எனக்கு இடம் நன்றாக நினைவிருப்பதாக நினைத்தேன். அரைமணி நேரம் தோண்டியதில் வேலிக்கம்பமும் ஒரு குப்பைத்தொட்டி மூடியும்தான் கிடைத்தன. ஆறடி தள்ளி, துடைப்பக்கட்டையால் குத்திப் பார்த்துக்கொண்டே வந்த அப்பாவுக்குத்தான் இரும்பு தட்டுப்பட்டது. எதிர்வீட்டு ஐரிஷ் பெரியவர் எங்களைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, தன் மண்வாரியோடு இறங்கி வந்தார். அவருக்கும் அப்பாவுக்கும் பொதுவான மொழி கிடையாது. ஒருவர் கை காட்டுவார், மற்றவர் தலையாட்டுவார்.

எவ்வளவு வார வேண்டும் என்பதை ஐரிஷ் பெரியவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தலை தெரிந்ததும் நான் நிறுத்தப் பார்த்தேன். கூடாது என்றார். சுற்றிலும் 3 அடி, தரை தெரியும்வரை. தீ விதித்தொகுப்புகள் சொல்லும் இடைவெளியும் அதுதான் என்பதைப் பிறகு படித்தேன். பக்கவாட்டு மூடிகளைக் கழற்றும் சாவி முழுச் சுற்றுச் சுற்ற அந்த இடம் வேண்டும். குனிந்து நிற்கும் ஆளுக்கும் வேண்டும். பெரிய வாய் தெருவைப் பார்த்திருக்கும். அதற்கு நேரே தெருவரை ஒரு பாதை வெட்ட வேண்டும். பாதை இல்லாத ஹைட்ரன்ட் கிணற்றுக்குள் நிற்பது போல. வாரிய பனியைத் தெருவில் போடக் கூடாது, அடுத்த வண்டி அதையே திரும்பத் தள்ளும். தோட்டப் பக்கம் வீச வேண்டும்.

வெளியே வந்த ஹைட்ரன்ட்டை அப்பா கையுறையால் துடைத்தார். ஒரு பக்க மூடியில் சங்கிலி அறுந்திருந்தது. மூடியைச் சற்றுத் திருகி, கையிறுக்கத்துக்கு வந்ததா என்று பார்த்தார். உச்சி நட்டை நோக்கிக் கை போனபோது ஐரிஷ் பெரியவர் தோளைத் தொட்டுத் தடுத்தார். அதைத் தொடவே கூடாது. அரைகுறையாகத் திறந்தால் அடித்துளைகள் வழியாகத் தண்ணீர் பீறிட்டு மண்ணை அரிக்கும். அதிர்ந்து மூடினால் குழாயில் அழுத்த அலை எழுந்து எங்கோ உடையும். சோதிப்பது துறையின் வேலை. அறுந்த சங்கிலியைப் பற்றி நான் தொலைபேசியில் சொன்னேன். வசந்தத்தில் வந்து சரிசெய்தார்கள்.

அன்று மாலை அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். எங்கள் வாசல் படியிலிருந்து நேரே எதிர்ப்பக்கம் 34 அடி. அங்கே நிற்கும் மேப்பிள் மரத்திலிருந்து வலப்புறம் 11 அடி. இரண்டையும் சமையலறைக் காலண்டரின் பின்பக்கம் பெரிதாக எழுதினார். ஒரு துடைப்பக்கட்டையில் சிவப்புத் துணியைக் கட்டி ஹைட்ரன்ட்டின் பின்னால் ஊன்றினார். அடுத்த புயலில் இரண்டு சாண் கட்டை வெளியே தெரிந்தது. அதற்கடுத்ததில் துணி மட்டும். ஏப்ரலில் அவர் ஊருக்குத் திரும்பும்போது அது வெளுத்துப்போய் இளஞ்சிவப்பாகியிருந்தது.

மூன்றாண்டு கழித்து நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்தோம். அடுத்துக் குடிவந்த இளம் தம்பதியிடம் சாவியையும், அந்தக் காலண்டர் தாளையும், கொட்டகையில் வைத்திருந்த துடைப்பக்கட்டையையும் கொடுத்தேன். அந்தப் பெண் தாளை வாங்கி, தமிழ் எழுத்துக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு 34 என்பதற்கும் 11 என்பதற்கும் பக்கத்தில் தன் மொழியில் ‘படி’, ‘மரம்’ என்று எழுதிக்கொண்டாள்.